அறுப்பதும் இறக்குவதும்

பெங்களூரின் பழைய கண்டோன்மென்ட் பகுதிகளுள் ஒன்றான காக்ஸ் டவுனில், ஏப்ரல் மாதத்துக் கடைசி வாரங்களில் முதல் கோடை மழை காற்றோடு வந்து அரைமணி நேரம் ஆர்ப்பரித்து ஓய்ந்த பிறகு, தெருவின் குறுக்கே முறிந்து கிடக்கும் தூங்குமூஞ்சி மரக் கிளையைச் சுற்றி மக்கள் கூடி நின்று, மின்சாரக் கழகத்தைக் குறைகூறிச் சிலரும், மாநகராட்சியைக் குறைகூறிச் சிலரும், மரத்தையே குறைகூறிச் சிலருமாகப் பேசிக்கொண்டிருக்கும் வேளையில், சிறிய சரக்கு டெம்போ ஒன்று வந்து நிற்கும். அதிலிருந்து நாலைந்து பேர் இறங்குவார்கள்; அவர்களோடு ஒரு சங்கிலி ரம்பம், சுருள் சுருளாக வடம், இரண்டு அரிவாள், ஓர் ஏணி, பெட்ரோல் கலவை நிறைந்த குப்பி ஆகியவையும் இறங்கும். ரம்பம் முழங்கத் தொடங்கியதும் வேடிக்கை பார்ப்போர் கண்களெல்லாம் அதன்மேலேயே செல்லும். வடத்தை ஏறிட்டுப் பார்ப்பவர் அரியர். ஆயினும் இத்தொழிலுக்குரிய விஞ்ஞானத்தில் பெரும்பகுதி அந்த வடத்திலும், அதைப் பிடிப்பவன் கையிலும், எங்கே வெட்டலாம் என்று தீர்மானிப்பவன் கண்ணிலுமே அடங்கியிருக்கிறது. யந்திரம் அறுக்கும் நேரத்தைச் சுருக்கியது உண்மை. அறுபட்டதைத் தரைக்குக் கொண்டுவரும் பொறுப்பை அது அணுவளவும் சுருக்கவில்லை.

இவ்வூரில் இத்தொழில் ஏன் இவ்வளவு விருத்தியடைந்திருக்கிறது என்பதற்கு முதலில் காரணம் சொல்ல வேண்டும். 1809-இல் ஆங்கிலேயர் பெங்களூரில் படைமுகாம் அமைத்த காலந்தொட்டு, சென்னைப் படையைப் பின்பற்றி வந்து குடியேறிய தமிழர் ஏராளம். 1881 முதல் 1949 வரை தனி நிர்வாகமாக விளங்கிய ராணுவ-சிவில் நிலையத்தின் கலெக்டராக இருந்த காக்ஸ் என்பவரின் பெயரையே இப்பகுதி பெற்றது. இப்போது அரசாங்கத்துத் தாள்களில் கன்னடக் கவிஞரின் நினைவாகச் சர்வக்ஞ நகர் என்றிருந்தாலும், ஆட்டோக்காரரிடம் காக்ஸ் டவுன் என்றால்தான் வண்டி நகரும். வீலர் ரோடு, அசாயி ரோடு ஆகியவற்றை ஒட்டிய பழைய வீடுகளுக்குத் தாராளமான தோட்டங்கள் இருந்தன. மா, பலா, வெண்ணெய்ப்பழம், சில்வர் ஓக் ஆகியவற்றுக்கு அவற்றில் இடம் இருந்தது. தெருக்களுக்கோ வேறு ஒரு வரலாறு. 1908 முதல் 1932 வரை லால்பாக் தோட்டத்தை நிர்வகித்த ஜெர்மானியர் கிரும்பீகல், ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்த மரம் பூக்கும்படி, ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு வீதி பூத்திருக்கவேண்டும் என்ற நோக்கத்தோடு மரங்களைத் தேர்ந்தார். பிறகு 1980-களில், வனத்துறை அதிகாரி எஸ்.ஜி. நெகின்ஹால் தலைமையில் சுமார் 15 லட்சம் கன்றுகள் நகரெங்கும் நடப்பட்டன. மத்திய அமெரிக்காவின் தூங்குமூஞ்சி, மடகாஸ்கரின் குல்மோகர், ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் என்று பல தேசத்து மரங்கள் இங்கே ஒரே செம்மண்ணில் வேரூன்றின. ஏறத்தாழ ஒரே காலத்தில் நட்டவை ஏறத்தாழ ஒரே காலத்தில் முதிர்கின்றன. இன்று நாற்பது வயதைக் கடந்து கிளை பரப்பி நிற்கும் அம்மரங்களின் கீழே, அவை நடப்பட்டபோது இல்லாத கார்களும், கேபிள்களும், நான்கு மாடிக் கட்டடங்களும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. 2024 ஜூன் 2-ஆம் தேதி ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் மழை கொட்டி, ஜூன் மாதத்து ஒருநாள் மழைக்கு 1891 முதல் நிலைத்திருந்த அளவை முறியடித்தபோது, நகரில் சாய்ந்த மரங்கள் நூற்றுக்கணக்கானவை.

இனி யந்திரத்தைப் பார்ப்போம். சங்கிலியில் பல்லைப் பொருத்தி ஒரு தகட்டைச் சுற்றி ஓடவிடும் யோசனை காட்டில் பிறந்ததன்று, வைத்தியசாலையில் பிறந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1830-ஐ ஒட்டி ஜெர்மானியர் பெர்ன்ஹார்ட் ஹைனே என்பவர், எலும்பை அறுப்பதற்காகக் கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் அத்தகைய கருவி ஒன்றைச் செய்தார். மரத்துக்கான ரம்பம் அதற்கு நூறாண்டு பின்னரே உருவாயிற்று: ஆந்திரயாஸ் ஷ்டீல் 1926-இல் மின்சாரத்தால் இயங்குவதையும், 1929-இல் பெட்ரோலால் இயங்குவதையும் செய்தார். அவை இருவர் தூக்கவேண்டிய பாரம் உடையவை. அன்றியும், அவற்றின் கார்புரேட்டரில் மிதவை இருந்தமையால், யந்திரத்தைச் சாய்த்தால் பெட்ரோல் ஓட்டம் தடுமாறி நின்றுவிடும். ரப்பர் சவ்வினால் எரிபொருளை இழுக்கும் கார்புரேட்டர் வந்த பிறகுதான், யந்திரத்தைப் பக்கவாட்டிலும் தலைகீழாகவும் பிடித்து அறுக்க முடிந்தது. தனியாக எண்ணெய்த் தொட்டி இல்லாமல், பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து உயவுக்குப் பயன்படுத்தும் இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சின் அதற்கு மிகவும் பொருந்திற்று. எந்தக் கோணத்தில் பிடித்தாலும் உயவு தவறுவதில்லை. மரத்தின் உச்சியில், ஒரு கவையில் காலூன்றி நிற்பவனுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் எஞ்சின் எவ்வளவு விருத்தியடைந்தும், பல் பழைய கைரம்பத்தின் பல்லாகவே இருந்து வந்தது. மரத்தைக் கீறிக் கீறித் தூளாக்கியதேயன்றிச் செதுக்கவில்லை. 1946-இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் விறகு வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், ஒரு மரக்கட்டையினுள் வண்டின் புழு ஒன்று, நாரின் போக்கிலும் நாருக்குக் குறுக்கிலும் ஒரே சுலபத்துடன் துளைத்துக்கொண்டு செல்வதைக் கண்டார். அதன் தாடைகள் இடமும் வலமுமாக வளைந்து மரத்தைச் செதுக்கித் தள்ளியதை நுணுகிப் பார்த்து, அதே அமைப்பில், இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்றாக வளைந்த உளிப்பற்கள் கொண்ட சங்கிலியைத் தம் வீட்டின் நிலவறையில் செய்தார். இன்று உலகெங்கும் ஓடும் சங்கிலிகளெல்லாம் பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்களே. நம் காக்ஸ் டவுனுக்கும் அந்தக் காக்ஸுக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை. ஆயினும் இந்தப் பகுதியில் ரம்பம் முழங்கும்போதெல்லாம் இரண்டு காக்ஸுகளும் ஒரே தெருவில் சந்தித்துக்கொள்வதாக எண்ணிக்கொள்வதில் ஒரு விநோதம் இருக்கிறது.

அந்தப் பல் செதுக்குகிறது என்பதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம், ரம்பத்தின் அடியில் உதிர்வதுதான். கூராக இருந்தால் செதிள் செதிளாக விழும். மழுங்கினால் மாவு மாவாக விழும். மாவு விழத் தொடங்கியதும் நல்ல மேஸ்திரி யந்திரத்தை நிறுத்தி, டெம்போவின் விளிம்பில் உட்கார்ந்து, வட்ட அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தீட்டுவார். கூலிக்கு அழைத்த வீட்டுக்காரருக்கு இது வீண் தாமதமாகத் தோன்றும். மழுங்கிய சங்கிலியை அழுத்தி ஓட்டினால் பெட்ரோல் இரட்டிப்பாகச் செலவாவதும், தகடு சூடேறுவதும், கை சோர்ந்து தவறுவதும் அவருக்குத் தெரியாது. சங்கிலியைக் கெடுப்பதில் நகர மரங்களுக்கு நிகர் இல்லை. டியூஷன் சென்டர், வீட்டுச் சாமான் மாற்றுவோர், பெண்கள் விடுதி என்று விளம்பரத் தகடுகளை நாம் மரத்தில் ஆணியடித்து மாட்டுகிறோம். தகடு போய்விடும், ஆணி உள்ளே தங்கிவிடும். மரம் உயரத்தில் வளர்வது நுனிகளில். அடிமரம் பருப்பதேயன்றி மேலே எழும்புவதில்லை. ஆகவே தலை மட்டத்தில் அடித்த ஆணி முப்பது ஆண்டு கழிந்தும் அதே தலை மட்டத்தில், பத்துப் பன்னிரண்டு விரற்கடை ஆழத்தில் வளையங்களுக்குள் புதைந்து காத்திருக்கும். விநாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடும் சங்கிலி அதன்மேல் பட்டால், ஒரு க்ஷணத்தில் பல வரிசைப் பற்கள் பாழ். மனிதன் கைக்கெட்டும் உயரத்தைத் தவிர்த்து, அதற்கு மேலோ மிகக் கீழோ வெட்டுப் போடும் வழக்கம் இதனால்தான் ஏற்பட்டது.

எரிபொருள் விஷயம் தினசரிக் கவலை. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி லிட்டர் டூ-டி எண்ணெய் என்பது நல்ல யந்திரங்களுக்கு அவற்றைச் செய்பவர்கள் சொல்லும் அளவு; மலிவு யந்திரங்களுக்கு 40 மில்லி லிட்டர் ஊற்றுவார்கள். எண்ணெய் மறந்தால் பிஸ்டன் இறுகி, யந்திரத்தின் விலையில் பாதி ரிப்பேருக்குப் போய்விடும். இப்போது நம் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் சுபாவம் உடையதாகையால், மழைக்காலத்தில் வேலையின்றிக் கிடக்கும் ரம்பத்தின் தொட்டியில் அதை விட்டுவைத்தால், நீர் அடியில் பிரிந்து, மேலே சொன்ன ரப்பர் சவ்வும் கெட்டுப்போகும். மாலையில் தொட்டியை வடித்துவிட்டு, எஞ்சியதை எரித்து ஓயவிடுவதே உத்தமம். முழக்கத்தைப் பற்றியும் அதிர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை போதும்: 110 டெசிபெலை எட்டும் ஓசை செவியைக் கெடுக்கும், ஆண்டுக்கணக்கான அதிர்வு விரல்களில் இரத்த ஓட்டத்தைக் குன்றச்செய்து, குளிரில் அவற்றை வெளுக்க வைக்கும். இதைவிட உடனடியான அபாயம், தகட்டின் மூக்கில் மேற்பாதி மரத்தைத் தொட்டுவிட்டால் ரம்பம் முகத்தை நோக்கித் துள்ளுவது. 1970-களில் வந்த சங்கிலி பிரேக் அத்துள்ளலைக் கண்டதும் சங்கிலியை நிறுத்திவிடும். மலிவு யந்திரத்தில் அது முறையாக இயங்குகிறதா என்று காலையில் ஒரு தடவை சோதித்துப் பார்ப்பவர்கள் நீண்ட நாள் இத்தொழிலில் இருக்கிறார்கள்.

இவ்வளவும் அறுப்பதைப் பற்றியது. இனி இறக்குவதைப் பற்றிப் பேசவேண்டும். இங்கேதான் விஷயம் கனக்கிறது. விட்டம் 60 சென்டிமீட்டரும் நீளம் 2 மீட்டரும் உள்ள ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். கீழிருந்து பார்த்தால் அது பெரிய துண்டாகத் தோன்றாது. அதன் கன அளவு அரைக் கன மீட்டருக்குச் சற்று மேல். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். கன மீட்டருக்கு 900 கிலோ என்று கொண்டால், அத்துண்டு 500 கிலோ நிறுக்கும். அது 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் பெற்றிருக்கும். கீழே விரிந்த மைதானம் இருந்தால் விழட்டும் என்று விட்டுவிடலாம். காக்ஸ் டவுனில் கீழே இருப்பது ஒருபுறம் மங்களூர் ஓடு, ஒருபுறம் நிறுத்திவைத்த கார், நடுவில் கழிவுநீர்க் குழாய்.

ஆகவே வடம். கிளையின் மேலே உறுதியான ஒரு கவை வழியாக வடத்தைச் செலுத்தி, ஒரு நுனியை அறுக்கப்படும் துண்டில் கட்டி, மற்றொரு நுனியைக் கீழே கொண்டுவந்து அடிமரத்தைச் சுற்றிப் பிடிப்பார்கள். 500 கிலோ எடையை ஐம்பது கிலோ மனிதன் பிடித்து நிறுத்துவது எப்படி என்பதே கேள்வி. இதற்கு 18-ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் விடை எழுதியிருக்கிறார்: ஒரு தூணைச் சுற்றிய கயிற்றின் இழுவிசை, சுற்றும் கோணத்தோடு கூட்டலாக வளராமல் பெருக்கலாக வளர்கிறது. வடத்துக்கும் மரப்பட்டைக்கும் உள்ள உராய்வுக் குணகம் 0.25 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்று பாரத்தை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக்கிவிடும். கையில் வருவது 104 கிலோ. இரண்டு சுற்றில் 22 கிலோ. மூன்று சுற்றிலோ நாலரை கிலோ, அதாவது ஒரு குழந்தையைத் தூக்கும் பாரம். நான்காம் சுற்றும் போட்டால் என்ன என்று கேட்பவர்க்கு விடை: அப்போது வடம் நகரவே நகராது, துண்டு அந்தரத்தில் நின்றுவிடும். எத்தனை சுற்றுப் போட்டால் பாரம் தாங்கவும் வேண்டும், நழுவவும் வேண்டும் என்பதைத் துண்டின் பருமனைக் கண்ணால் பார்த்தே தீர்மானிக்கும் தொழிலாளி, ஆய்லரின் பெயரைக் கேள்விப்படாமலே அவருடைய சமன்பாட்டைத் தினமும் கையால் போட்டுப் பார்க்கிறான்.

நழுவ வேண்டும் என்று சொன்னதில் ஒரு நுட்பம் உண்டு. அறுபட்ட துண்டு வடம் விறைப்பதற்கு முன் 1 மீட்டர் விழுகிறது என்றும், வடத்தைப் பிடித்தவன் பயந்து இறுகப் பற்றியதால் அது கால் மீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்றும் கொள்வோம். விழுந்த சக்தி முழுவதையும் அந்தக் கால் மீட்டரில் உறிஞ்ச வேண்டியிருப்பதால், வடத்தின்மேல் ஏற்படும் சராசரி விசை துண்டின் எடையைப் போல் ஐந்து மடங்கு ஆகும். 500 கிலோ, 2,500 கிலோ ஆகிவிடும். மேலே கவைக்குப் பதில் நன்கு சுழலும் கப்பி கட்டியிருந்தால், வடத்தின் இரண்டு பக்கமும் அதைக் கீழ்நோக்கி இழுப்பதால் கப்பி கட்டிய கிளைக்கு வரும் பாரம் ஏறக்குறைய 5,000 கிலோ. அந்தக் கிளையில்தான் பெரும்பாலும் ரம்பக்காரன் தன்னையும் கட்டிக்கொண்டிருக்கிறான். அதே வடத்தை, கீழே நிற்பவன் இரண்டு மீட்டர் தூரம் வரை மெதுவாக ஓடவிட்டு நிறுத்தினால், விசை எடையைப் போல் ஒன்றரை மடங்குதான். உயரத்தில் நிற்பவனுடைய உயிர் கீழே நிற்பவனுடைய விரல்களின் நிதானத்தில் இருக்கிறது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்ல எண்களால்தான் முடியும். இருந்தும், மெஷின் பிடிப்பவனுக்கு ஒரு கூலி, வடம் பிடிப்பவனுக்கு அதற்குக் குறைந்த கூலி என்பது பல குழுக்களில் வழக்கமாக இருக்கிறது. வடம் பிடிக்க அன்று காலை சந்தித்த எவனையேனும் நிறுத்தும் மேஸ்திரிகளும் உண்டு. இது எனக்குச் சிறிதும் சம்மதமில்லாத வழக்கம்.

வடத்தின் ஜாதியும் கவனிக்கத் தக்கது. பழைய நாளில் தேங்காய் நார் வடமும் மணிலா வடமும் இருந்தன. இன்று கடைகளில் மலிவாகக் கிடைப்பது நீலமும் பச்சையுமான பாலிப்ரொப்பிலீன் கயிறு. விழும் துண்டின் சக்தி எங்கும் மறைந்துவிடுவதில்லை. அடிமரத்தில் உராயும் இடத்தில் வெப்பமாக மாறுகிறது. பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரியை ஒட்டி உருகிவிடும். நைலான் 220 டிகிரி வரை தாங்கும். அன்றியும் நைலான் நீளும் சுபாவம் உடையது, நீள்வதால் அதிர்ச்சியை விழுங்கிக்கொள்ளும். கயிற்றின்மேல் கண்ணாடிபோல் வழவழவென்று ஒரு திட்டு தோன்றினால் அங்கே அது ஒருமுறை உருகி இறுகியிருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் அதைப் பாரத்துக்குப் பயன்படுத்தலாகாது. மேலைநாடுகளில் அடிமரத்தில் இரும்பு உருளை ஒன்றைக் கட்டி, அதில் வடத்தைச் சுற்றுகிறார்கள். பட்டையின் சொரசொரப்பில் வடம் தேய்வதும் இல்லை, சுற்றுகளின் கணக்கும் மரத்துக்கு மரம் மாறுவதில்லை. கிரேன் கொண்டுவரலாமே என்பார்க்கு, காக்ஸ் டவுனின் குறுக்குத் தெருக்களில் கிரேனின் கால்களை ஊன்ற இடம் தேடுவதே ஒரு நாள் வேலை. மின்கம்பிகளுக்கு அருகே வேறு சட்டம்: மின்சாரக் கழகமான பெஸ்காமின் ஊழியர் வந்து மின்சாரத்தை நிறுத்தி, நிறுத்தியாயிற்று என்று உறுதி சொல்லும் வரை ஏணி சாய்க்கக் கூடாது. பச்சைக் கிளையும் ஈர வடமும் 11,000 வோல்ட்டுக்கு நல்ல பாதைகளே.

வெட்டுவது எங்கே என்ற விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்க வனத்துறையில் 1959 முதல் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்னும் விஞ்ஞானி, அதுவரை மரத்தைக் குறுக்கே அறுத்து வளையங்களை எண்ணிப் பார்த்தவர்களைப் போலன்றி, சங்கிலி ரம்பத்தால் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கே பிளந்து பார்த்தார். ரம்பம் கூலிக்காரன் கருவியாக இருந்தது போய் ஆராய்ச்சிக் கருவியாயிற்று. அவர் கண்டது இது: பிராணிகளின் காயம் ஆறுவதுபோல் மரத்தின் காயம் ஆறுவதில்லை. கெட்ட திசுவைப் புதுத் திசுவாக மாற்ற மரத்தால் முடியாது. கெட்டதைச் சுற்றி இரசாயன அரண்களை எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்து வைத்துவிட்டு, அதன்மேல் புது வளையத்தை வளர்த்துக்கொண்டு போகும். ஒவ்வொரு கிளையும் அடிமரத்தோடு சேருமிடத்தில் ஒரு புடைப்பு இருக்கிறது. அரண் அங்கேதான் பலமாக எழும்புகிறது. அப்புடைப்பை விட்டு, அதற்குச் சற்று வெளியே வெட்டினால் மரம் பிழைக்கும். அழகுக்காக அடிமரத்தோடு மட்டமாகச் சீவினாலோ, முழ நீளத்துக்குக் கட்டையாக விட்டாலோ, அழுகல் உள்ளே புகும். பாரமான கிளையானால் முதலில் அடிப்புறத்தில் ஒரு வெட்டு, பிறகு சற்று வெளியே மேற்புறத்தில் ஒரு வெட்டு. கிளை விழுந்த பின் எஞ்சியதற்குப் புடைப்பின் ஓரத்தில் மூன்றாம் வெட்டு. அடிவெட்டைப் போடாமல் மேலிருந்து அறுத்தால், கிளை தன் பாரத்தில் முறியும்போது அடிமரத்துப் பட்டையை ஆள் உயரத்துக்கு உரித்துக்கொண்டு போகும். காயத்தில் தாரும் பெயின்ட்டும் பூசுவது மரத்துக்கு எந்த நன்மையும் செய்வதில்லை என்பதும் ஷைகோவின் முடிவு.

இப்படியிருக்க வீட்டுக்காரர் கேட்பதென்ன? “ஃபுல்லா மொட்டை அடிச்சுடுப்பா, அஞ்சு வருஷத்துக்குத் தொல்லை இருக்கக் கூடாது” என்பதே எங்கும் கேட்கும் வார்த்தை. “சரி சார்” என்று மேஸ்திரியும் ஏறிவிடுவார், மறுத்தால் அடுத்த டெம்போ தயாராக இருக்கிறது. மொட்டையடிக்கப்பட்ட மரம் சேமித்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்து, வெட்டுவாயைச் சுற்றிலும் கொத்துக் கொத்தாகப் போத்துகளை விடும். இயற்கையாக வந்த கிளை பல ஆண்டு வளையங்களால் அடிமரத்தோடு பிணைந்திருக்கிறது. இந்தப் போத்தோ வெளி வளையத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டு, கீழே அழுகும் கட்டையின்மேல் நிற்கிறது. நாலைந்து ஆண்டுகளில் அது பருத்து, காற்றில் முறிந்து விழும்போது, மரம் துரோகம் செய்துவிட்டதாக நாம் பேசுகிறோம்.

பொந்து விழுந்த மரத்தைக் கண்டதும் வெட்டிவிடச் சொல்வது இன்னொரு பழக்கம். வளைவைத் தாங்கும் வலிமையில் பொந்தினால் ஏற்படும் இழப்பு, ஆரத்தில் பொந்துக்குள்ள பங்கின் நான்காம் அடுக்கைச் சார்ந்தது; ஆகவே நடுவில் உள்ள மரம் எடையைக் கூட்டுமேயன்றி வலிமைக்கு அதிகம் உதவுவதில்லை. ஆரத்தில் பாதி வரை பொந்தானால் இழப்பது சுமார் 6 சதவீத வலிமைதான். பத்தில் ஏழு பங்கு பொந்தானாலும் 76 சதவீதம் எஞ்சியிருக்கும். அதற்குமேல்தான் சரிவு வேகமாகிறது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரத்து ஆராய்ச்சியாளர் கிளாஸ் மாத்தெக், முறிந்த மரங்களையும் நிற்கும் மரங்களையும் ஒப்பிட்டு, ஓட்டின் கனம் ஆரத்தில் பத்தில் மூன்று பங்குக்குக் குறைவதே அபாய எல்லை என்று கண்டதும் இதனோடு ஒத்திருக்கிறது. ஒரு பக்கம் திறந்த பொந்துக்கு இந்தக் கணக்குச் செல்லாது. வேருக்கும் செல்லாது; வேர்களில் பெரும்பகுதி மேல் 60 முதல் 90 சென்டிமீட்டர் மண்ணிலேயே பரவியிருப்பதால், வடிகாலுக்கும் கேபிளுக்கும் வெட்டும் பள்ளம் மரத்தின் ஒரு பக்கத்து நங்கூரத்தை அப்படியே அறுத்துவிடுகிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும். முழு மரமாகப் பசுமையாக நின்றது மே மாதத்தில் வேரோடு சாய்வதற்கு, முந்திய ஆண்டில் தோண்டிய பள்ளமே பெரும்பாலும் காரணமாக இருக்கும். மரத்தடியைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டில்லிக்கு இட்ட உத்தரவு நம் ஊர் நடைபாதைகளுக்கும் தேவையானதே.

வரவு செலவுக் கணக்கு இத்தொழிலில் விசித்திரமானது. சொந்தத் தோட்டத்து மரமானாலும், 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியிடம் விண்ணப்பித்து அனுமதி பெற்றே வெட்டவேண்டும். அனுமதி கிடைத்தபின் விலை பேசும்போது, வேலைக்கூலி ஒருபக்கம், மரத்தின் விலை ஒருபக்கம் என இரண்டு தட்டுகள் ஆடும். மஞ்சள் வைரம் பாய்ந்த பலாவோ மகோகனியோ ஆனால், மேஸ்திரியே வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்து எடுத்துச் செல்வார். குல்மோகரானால் விறகுக்கும் லாயக்கில்லை என்று கூலியோடு குப்பை வண்டிச் செலவையும் சேர்ப்பார். டிம்பர் டிப்போவில் அளக்கும் முறை 1736-இல் எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் பிரசுரித்த பட்டியலிலிருந்து வழிவந்தது: சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினால் கன அடி. சுற்றளவு 6 அடி, நீளம் 10 அடி ஆனால் இம்முறைப்படி 22.5 கன அடி. வட்டத்தின் உண்மையான பரப்பைக் கொண்டு கணக்கிட்டால் 28.6 கன அடி வரும். நூற்றுக்கு 21.5 பங்கு, பட்டைக்கும் சிராய்க்கும் கழிவு என்ற பெயரில், வாங்குகிறவர் பக்கம் சாய்ந்திருக்கிறது. இதில் வஞ்சனை இல்லை, டிப்போக்காரரும் மேஸ்திரியும் அறிந்த வழக்கம்தான். அறியாதவர் வீட்டுக்காரர் ஒருவரே. விறகு எடைக்குப் போகும். நீர் ஆவியாகும் ஒவ்வொரு நாளும் எடை குறைவதால், வெட்டிய அன்றே செங்கற் சூளைக்கோ கல்யாணச் சமையற்காரருக்கோ தள்ளிவிட மேஸ்திரி துடிப்பதன் காரணம் பௌதிக சாஸ்திரமே.

இந்தக் கணக்குகளில் விபத்துக்கு என்று ஒரு வரி பெரும்பாலும் இருப்பதில்லை. பனை ஏறுவோரையும் மரம் வெட்டுவோரையும் ஒரே வரியில் சேர்த்துக் குறிப்பிட்டு, வேலையில் அடிபட்டால் முதலாளி ஈடு செய்யவேண்டும் என்ற பாதுகாப்பைத் தந்தது தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை. எழுத்தில் உள்ள அந்த உரிமை, ஒருநாள் கூலிக்கு டெம்போவில் ஏறி வருபவனிடம் வந்து சேரும்போது மிகவும் மெலிந்துபோகிறது. காப்பீட்டுத் தவணை கட்டும் மேஸ்திரியின் விலை சற்று அதிகமாக இருக்கும். குறைந்த விலைக்கு வருபவர் அந்தப் பணத்தைத் தம் ஆட்களின் முதுகெலும்பிலிருந்து மிச்சம் பிடிக்கிறார்.

ஆகையால் இதைப் படிப்பவர் தம் வீட்டு மரத்துக்கு ஆளை அழைக்க நேர்ந்தால், எத்தனை மணிக்குள் முடிப்பீர்கள் என்று கேட்பதை விட்டு, வடத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பிடிப்பவர் யார், எத்தனை நாளாக அவரோடு வேலை செய்கிறார் என்று விசாரியுங்கள். கிளையின் புடைப்பை விட்டு வெட்டுவாரா என்றும் கேளுங்கள். ரம்பத்துக்கு அரைமணி வேலைதான், மீதி அரை நாளும் இறக்கத்தான் என்று அவர் சொல்லி, அதற்குத் தனியாக ஒரு தொகை கேட்டால், அந்தத் தொகையில் மட்டும் பேரம் பேச வேண்டாம்.